நேராக்கிவிட்டு மடிக்கவும்

என் மனைவி சௌந்தர்யா வேதியியலில் எம்.எஸ்சி., எம்.ஃபில். முடித்து, கல்லூரி ஆசிரியருக்கான செட் தேர்வும் எழுதித் தேறியவள். நான் ப்ளஸ் டூ. அதிலும் வேதியியலில் தேறியது விடைத்தாள் திருத்தியவரின் இரக்கத்தால். இந்த வித்தியாசத்தை நான் என்றைக்குமே பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எடுத்துக்கொண்டிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

எனக்கு ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் வேலை. ஷாப் என்றால் கடை இல்லை; எங்கள் பக்கத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். அங்கே நான் செலக்டர். பதனிட்டுக் காய்ந்து வரும் ஆட்டுத்தோலை மேசையில் விரித்து, ஒரு பார்வை பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது ரிஜெக்ட் என்று பிரிப்பது என் வேலை. பதினான்கு வருடமாக இதையே செய்துவருவதால், உலகத்தில் எதைப் பார்த்தாலும் தரம் பிரித்துவிட முடியும் என்று எனக்கு ஒரு நினைப்பு. கல்யாண வீட்டுச் சாம்பாரில் தொடங்கி, எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரின் பிரசங்கம் வரை பிரித்திருக்கிறேன். யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

சௌந்தர்யா நாட்றம்பள்ளிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஐந்து வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம். ஒவ்வொரு ஏப்ரலிலும் வேலை முடிந்துபோகும், ஒவ்வொரு ஜூனிலும் கூப்பிடுவார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நிரந்தர வேலைக்காக நான்கு கல்லூரிகளில் மாதிரி வகுப்பு எடுத்துப் பார்த்தாள். நான்கிலும் ஒரே பதில்: "சப்ஜெக்ட் நல்லா தெரியுது மேடம். பசங்களுக்குப் போய்ச் சேரல." ஐந்தாவது அழைப்பு வாணியம்பாடியிலிருந்து வந்தது. திங்கட்கிழமை காலை பதினொரு மணி, இருபத்தைந்து நிமிடம், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் முன்னால் பாடம் எடுக்க வேண்டும். தேர்வுக்குழு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்கும்.

"இதுவும் போச்சுன்னா டீச்சிங்கையே விட்டுடறேன். ஷூ கம்பெனி லேப்ல கூப்பிடறாங்க. அங்க போய் பசை ஒட்டுதா ஒட்டலையான்னு டெஸ்ட் பண்ணிக்கினு இருக்கேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவளுக்குக் கொடுத்திருந்த தலைப்பு, மீசோ சேர்மங்களை அடையாளம் காண்பது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட்ட கையோடு, எங்கள் வீட்டு இரும்பு பீரோவின் கதவைக் கரும்பலகையாக்கி ஒத்திகை பார்த்தாள். எனக்கு மாணவன் வேடம்.

அவள் சொன்னதில் எனக்குப் புரிந்த பகுதி இது. ஒரு கார்பனில் நான்கு வெவ்வேறு ஆட்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்கு இடம், வலம் என்று இரண்டு வடிவம் வந்துவிடுமாம், நம் இரண்டு கைகளைப் போல. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அந்தப் பொருளுக்குள் விட்டால் ஒரு வடிவம் அதை வலப்பக்கம் திருப்பும், அதன் கண்ணாடிப் பிம்பம் இடப்பக்கம் திருப்பும். ஒரே மூலக்கூறில் இப்படி இரண்டு கார்பன் இருந்து, ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பமாகவும் அமைந்துவிட்டால், இவன் வலப்பக்கம் திருப்பியதை அவன் இடப்பக்கம் திருப்பி ஒன்றுமில்லாமல் செய்துவிடுவான். மொத்தத் திருப்பம் பூஜ்யம். அதற்குப் பெயர்தான் மீசோ. இதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை, எங்கள் குடித்தனமே அப்படித்தான் ஓடுகிறது.

அதற்கு அப்புறம்தான் வினை. ஒவ்வொரு கார்பனிலும் ஒட்டியிருக்கும் நான்கு பேருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் போட வேண்டும். கடைசி ஆளைப் பின்னால் தள்ள வேண்டும். மீதி மூன்று பேரும் கடிகார முள் போகிற பக்கம் போனால் அது ஆர், எதிர்ப்பக்கம் போனால் எஸ். ஒரு கார்பன் ஆர், அடுத்தது எஸ் என்று வந்து, இரண்டிலும் ஒட்டியிருப்பவர்கள் ஒரே ஆட்களாகவும் இருந்தால் மீசோ. பதினெட்டாவது நிமிடத்தில் நான் குறட்டை விட்டேன்.

"ஏங்க!" சாக்பீஸ் என் நெற்றியில் வந்து விழுந்தது.

"தூங்கல. கண்ணை மூடிக்கினு கவனிச்சேன்."

"குறட்டை கேட்டுது."

"சரிங்க மேடம். ஒரே ஒரு சந்தேகம். ரெண்டு பாதியும் கண்ணாடி மாதிரி இருக்குதான்னு தானே பாக்கணும்? அதுக்கு எதுக்கு இவ்ளோ நம்பர் வேலை? மடிச்சிப் பாத்தா போச்சு."

அவள் முறைத்தாள். நான் எழுந்து, என் தொழிலின் பெருமையை எடுத்து விளக்கினேன். தோலின் நடுவே முதுகுக்கோடு ஓடும். செலக்டர் அந்தக் கோட்டில் தோலை மடிப்பான். இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் அப்படியே படிய வேண்டும். விலா இரண்டும் ஒரே அளவா, ஒரு பக்கம் அறுக்கும்போது கத்தி இழுத்துவிட்டதா என்பதெல்லாம் அந்த ஒரு மடிப்பில் தெரிந்துவிடும். நம்பரும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம்.

"பேப்பர்ல வரைஞ்சி குடு" என்றேன்.

டார்டாரிக் அமிலத்தை வரைந்தாள். ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு சிலுவை போட்டது போல் இருந்தது. இரண்டு சிலுவையிலும் வலது கையில் ஓ.ஹெச். இருந்தது. நடுவில் மடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓ.ஹெச். மேல் ஓ.ஹெச். அழகாகப் படிந்தது. "மீசோ" என்றேன். சரியாக இருந்தது. அடுத்ததில் ஒரு ஓ.ஹெச். வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம். மடித்தேன், படியவில்லை. "ரிஜெக்ட்" என்றேன். அதுவும் சரி. வளையமாக இரண்டு கொடுத்தாள், புத்தகத்திலிருந்து மூன்று கொடுத்தாள். ஏழுக்கு ஏழு.

சௌந்தர்யாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். அவளுக்குப் படத்தைப் பார்த்ததும் மனதில் உருட்டிப் பார்ப்பது எப்போதும் சிரமம். அதனால்தான் நம்பர் போட்டுப் போட்டே எம்.எஸ்சி. வரை வந்தவள். "இது பசங்களுக்கு ஒரு நிமிஷத்துல போய்ச் சேர்ந்துடும்" என்று சொல்லி, ஆர்-எஸ் பகுதி முழுவதையும் குறிப்பிலிருந்து அடித்துவிட்டாள். நான் சாயங்காலம் வரை அவளை "மை டியர் ஸ்டூடண்ட்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை காபி போட்டுத் தந்தாள். கேட்காமலே தந்தாள் என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

மறுநாள் காலையில் இதையெல்லாம் முனீர் அகமதுவிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. முனீர் பாய் ஒன்பது வருடமாக என் மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற இன்னொரு செலக்டர். தோலில் குறை கண்டுபிடிக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில் என்னிடம் குறை கண்டுபிடிப்பார்.

"அப்போ நீ இப்ப கெமிஸ்ட்ரி ப்ரொபசரு" என்றார்.

"சொல்லிக்கலாம்."

"மடிச்சா படிஞ்சா நல்ல சரக்கு. படியலன்னா?"

"ரிஜெக்ட்."

பாய் தன் பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு தோலை உருவி என் முன்னால் போட்டார். "மடி" என்றார்.

மடித்தேன். படியவே இல்லை. ஒரு பின்னங்கால் முன்னால் வந்து நின்றது, ஒரு விலா கோணிக்கொண்டு வெளியே தள்ளியது. தோல் என்னவோ முதல் தரம். ஒரு கீறல் இல்லை, உண்ணி கடித்த தடம் இல்லை.

"ரிஜெக்டாப்பா ப்ரொபசர்?"

"இது இன்னா பாய், கிளிப் போட்டவன் கோணலா இழுத்து மாட்டிட்டான். அப்படியே காஞ்சிருக்குது. நனைச்சி நேரா இழுத்துக் காயவெச்சா சரியாயிடும்." ஈரத்தோலை இரும்புச் சட்டத்தில் நாலாபுறமும் கிளிப் போட்டு இழுத்துத்தான் காயவைப்பார்கள். இழுக்கிறவன் தூக்கக் கலக்கத்தில் இருந்தால் ஆடு நெளிந்துவிடும்.

"அதைத்தாம்பா கேக்கறேன். உங்க வீட்டம்மாவோட கெமிஸ்ட்ரில யாரும் கோணலா இழுத்து மாட்ட மாட்டாங்களா?"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. மூலக்கூறு கம்பியால் கட்டிவைத்த சிலுவை இல்லை, நடு இணைப்பைச் சுற்றித் திரும்பிக்கொண்டே இருக்கும் என்று சௌந்தர்யா என்றைக்கோ சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அப்படித் திரும்பி நிற்கும்போது ஒருவர் அதைப் படமாக வரைந்தால்? மடித்தால் படியாது. என் மனைவி ரிஜெக்ட் என்பாள். நல்ல சரக்கை ரிஜெக்ட் செய்வதைவிடப் பெரிய பாவம் எங்கள் தொழிலில் இல்லை.

மணி பத்து இருபது. போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

"போ, போ. பொண்டாட்டி வேலைக்கு உலை வெச்சிட்டு இன்னா பாத்துக்கினு நிக்கற? இங்க நான் சமாளிச்சிக்கறேன்" என்று பாய் என்னைத் தள்ளிவிட்டார். வாணியம்பாடிக்கு வண்டியை விரட்டி, வழியில் மின்னூர் தாண்டின பிறகுதான் நான் ஏப்ரனைக் கழற்றவில்லை என்பதையும், அந்தக் கோணல் தோலை வண்டியில் முன்னால் செருகிக்கொண்டு வந்துவிட்டதையும் கவனித்தேன். என்ன செய்ய, திரும்பிப் போக நேரமில்லை.

கல்லூரி வாசலில் வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "லேபுக்குத் தோல் சாம்பிள்" என்றேன். கையில் சாட்சி இருந்ததால் விட்டுவிட்டார். மாடி ஏறி, வராந்தாவில் ஒவ்வொரு வகுப்பாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். மூன்றாவது வகுப்பில் அவள் குரல் கேட்டது. பின்பக்கத்து ஜன்னலில் நின்றுகொண்டேன்.

உள்ளே அறுபது பேர் பேப்பரை மடித்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "மேடம், எனக்கு வந்துடுச்சி!" என்று ஒரு பக்கம், "மேடம், இது மீசோ, இது இல்ல!" என்று ஒரு பக்கம். ஒரே கலகலப்பு. சௌந்தர்யா நடுவே நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருடத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாகப் பாடம் எடுத்து நான் பார்த்ததில்லை. சொல்லப்போனால் அவள் பாடம் எடுத்து நான் பார்த்ததே இல்லை. எல்லாம் நன்றாகப் போகிறது, இப்படியே மணி அடித்துவிட்டால் தப்பித்தோம் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

கடைசி பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். பிரின்சிபால், துறைத்தலைவர், வெளியூரிலிருந்து வந்த நிபுணர். நிபுணர் பெயர் வேதாசலம். அவர்தான் எழுந்தார். மெதுவாக நடந்து போய், சாக்பீஸை எடுத்து, போர்டில் வளைந்து வளைந்து போகும் ஒரு கோடு போட்டார். அதில் ஒரு ஓ.ஹெச்சுக்குக் கெட்டியான முக்கோணம், நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தம். இன்னொன்றுக்குப் புள்ளி புள்ளியாக ஒரு முக்கோணம், நம்மைவிட்டு உள்ளே போகிறது என்று அர்த்தம்.

"மேடம், இதுவும் டார்டாரிக் அமிலம்தான். இது மீசோவா, இல்லையா?"

அறுபது பேரும் வரைந்தார்கள், மடித்தார்கள். "இல்ல சார்!" என்று கூரை அதிரக் கத்தினார்கள்.

வேதாசலம் சௌந்தர்யாவைப் பார்த்தார். அவள் போர்டைப் பார்த்தாள். "இல்ல சார், மீசோ இல்ல" என்றாள். போர்டிலும் அந்தப் படத்துக்குக் கீழே "மீசோ அல்ல" என்று எழுதினாள்.

வேதாசலம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, தன் தாளில் ஏதோ ஒரு வார்த்தை எழுதினார். ஒரே வார்த்தைதான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய ஐந்து வருடத்தை என் வாய்க்கொழுப்பு ஒரே மதியத்தில் தின்றுவிட்டது. உள்ளே ஓடிப்போய் "அவ மேல தப்பு இல்ல சார், நான்தான்" என்று சொல்லலாமா? சொன்னால் இன்னும் கெட்டுவிடாதா?

சௌந்தர்யா அடுத்த படத்துக்குப் போயிருக்கலாம். மாணவர்கள் அதற்குத் தயாராகவே இருந்தார்கள். அவள் போகவில்லை. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போர்டின் ஓரத்தில் சின்னச் சின்னதாக நம்பர் போட ஆரம்பித்தாள். முந்தைய நாள் நான் கேலி பண்ணின அதே நம்பர். முதல் கார்பனுக்கு ஆர் என்று எழுதினாள். இரண்டாவதுக்கு எஸ் என்று எழுதினாள். சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"நான் இப்ப சொன்னது தப்பு" என்றாள். "இது மீசோதான். நானும் தப்பா சொன்னேன், உங்களையும் தப்பா சொல்ல வெச்சேன். ஏன் தப்பாச்சுன்னு இப்ப சேர்ந்து பார்ப்போம்."

அப்போதுதான் அவள் கண் ஜன்னலுக்கு வந்தது. என்னைப் பார்த்தாள். என் ஏப்ரனைப் பார்த்தாள். என் கையில் இருந்த கோணல் தோலைப் பார்த்தாள். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று நான் சொல்லும்போது பார்க்கிற அதே பார்வை.

"வெளிய நிக்கிறவர் கொஞ்சம் உள்ள வாங்க" என்றாள்.

அறுபது தலை திரும்பியது. கல்லூரி வகுப்பறை ஒன்றுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. சாயக்கறையும் தோல் வாடையுமாகப் போய் மேடை ஓரத்தில் நின்றேன்.

"கையில இன்னா?"

"ஆட்டுத்தோல் மேடம்." வீட்டில் நூறு தடவை மேடம் என்று கூப்பிட்டிருக்கிறேன், எல்லாம் கேலிக்கு. இந்தத் தடவை அது தானாக வந்தது.

"முதுகுக்கோட்டுல மடிங்க."

மடித்துக் காட்டினேன். பின்னங்கால் நீட்டிக்கொண்டு நின்றது. பசங்க சிரித்தார்கள்.

"ரெண்டு பக்கமும் படியல. அப்ப இது ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேற மாதிரி பொறந்த ஆடா?"

"இல்ல மேடம், ஆடு ஒழுங்கான ஆடுதான். காயவெச்சவன் கோணலா இழுத்துட்டான்."

"அப்ப எப்படிப் பார்ப்பீங்க?"

"நேராக்கிட்டு, அப்புறம் மடிப்போம்."

"கேட்டுக்கோங்க" என்று வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "மடிக்கிற வித்தையை எனக்குச் சொல்லிக்குடுத்த மகானுபாவர், நேராக்கணும்ங்கறதைச் சொல்ல மறந்துட்டார். நானும் கேக்க மறந்துட்டேன்." நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் வேதாசலத்தின் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் வரைந்தாள். இடது பாதியை அப்படியே வைத்துக்கொண்டாள். நடு இணைப்பைச் சுற்றி வலது பாதியை மட்டும் அரைச்சுற்று திருப்பினாள். கீழே இருந்த முனை மேலே வந்தது, உள்ளே போன ஓ.ஹெச். வெளியே வந்தது. இப்போது இரண்டு ஓ.ஹெச்சும் கெட்டி முக்கோணம், இரண்டு முனையும் ஒரே பக்கம், நடுவில் ஒரு கோடு போட்டால் இந்தப் பாதி அந்தப் பாதியின் கண்ணாடி. மாணவர்கள் வரைந்து மடித்தார்கள். இந்தத் தடவை படிந்தது. "ஓ" என்று ஒரு சத்தம் பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போனது.

"அப்படித் திருப்பினா அது வேற பொருளா ஆயிடாதா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து வேதாசலம் கேட்டார்.

"ஆகாது சார். அது தானாவே திரும்பிக்கினுதான் இருக்குது, நாம ஒரு நிமிஷத்துல போட்டோ பிடிச்ச மாதிரி வரையறோம். பிச்சி எடுத்து மாத்தி ஒட்டினாத்தான் வேற பொருள்."

முன் பெஞ்சில் ஆஃப்ரீன் என்று ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மேடம், மடிச்சா படிஞ்சா மீசோ, சரி. படியலன்னா இன்னான்னு எடுத்துக்கறது?"

"படியலன்னா இன்னும் ஒண்ணும் தெரியலன்னு எடுத்துக்கோம்மா. திருப்பிப் பாரு. அப்பவும் சந்தேகமா இருந்தா உக்காந்து ஆர், எஸ் போடு. நேரம் ஜாஸ்தி ஆகும், ஆனா ஏமாத்தாது."

மணி அடித்தது. போர்டில் அவள் எழுதிய "மீசோ அல்ல" அப்படியே இருந்தது. அதன் மேல் ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதியிருந்தாள். தேர்வுக்குழு எழுந்து வந்தது. வேதாசலம் என் முன்னால் நின்று, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்க யாரு?"

பிரின்சிபால் நல்ல வெள்ளைச் சட்டையில் இருந்தார். துறைத்தலைவரிடமிருந்து சென்ட் வாசனை வந்தது. எனக்கு என் ஏப்ரன் ஞாபகம் வந்தது.

"தோல் சாம்பிள் குடுக்க வந்தேன் சார்" என்றேன்.

சௌந்தர்யா போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன்.

அவளைப் பிரின்சிபால் அறைக்குக் கூட்டிப்போய் அரைமணி நேரம் கேள்வி கேட்டார்கள். நான் வராந்தாவில் ஒரு தூண் ஓரமாக நின்றேன். "கொஞ்சம் வெளிய இருங்க மேடம், கூப்பிடறோம்" என்று அனுப்பியதும் வெளியே வந்தவள், என் பக்கம் வராமல் நேராகத் தண்ணீர்க் குழாய்க்குப் போனாள். முகம் கழுவினாள். நான் பின்னாலேயே போனேன்.

"யாருன்னு கேட்டதுக்கு சாம்பிள் குடுக்க வந்தேன்னு சொன்னீங்களே" என்றாள், என்னைப் பார்க்காமல். "அத்தனை பேர் முன்னாடி நான் தப்பா சொன்னேனே, அதானே? இவ என் பொண்டாட்டின்னு சொல்லிக்க அசிங்கமா இருந்திச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ச்சே, இன்னா பேசற! என்னைப் பாரு. இந்தக் கறையும் நாத்தமும். இவன்தான் உன் வீட்டுக்காரன்னு தெரிஞ்சா உன்னைக் கம்மியா நினைச்சிடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

அவள் குழாயை மூடினாள்.

"எட்டு வருஷமா இந்த வாடையோடதான் குடித்தனம் பண்றேன். ஒருநாளாவது மூக்கைப் பொத்தியிருக்கேனா? உங்களைக் கம்மின்னு யார் தரம் பிரிச்சது?"

யாரும் பிரிக்கவில்லை, நான்தான் பிரித்திருந்தேன். ஒரே பார்வையில், விரித்துக்கூடப் பார்க்காமல். வெட்கமாக இருந்தது.

"மேடம், உள்ள கூப்பிடறாங்க" என்று அலுவலக உதவியாளர் வந்து சொன்னார்.

"வாங்க" என்றாள் என்னிடம்.

"நான் எதுக்கு?"

"வாங்கன்னா வாங்க."

உள்ளே மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வாய் திறப்பதற்கு முன்னால் நான் திறந்துவிட்டேன். "சார், நான் பொய் சொல்லிட்டேன். சாம்பிள் இல்ல, ஒண்ணும் இல்ல. என் பேரு ஆல்வின். இவங்க வீட்டுக்காரன். ஆம்பூர்ல தோல் செலக்டர். பேப்பரை மடிக்கச் சொன்னது நான்தான். தப்பு என்னோடது, இவங்களோடது இல்ல."

வேதாசலம் சிரித்துவிட்டார். "உக்காருங்க, உக்காருங்க. அவங்க உங்களை 'வெளிய நிக்கிறவர்'னு கூப்பிட்டாங்களே, அப்பவே தெரிஞ்சிடுச்சு. சாம்பிள் கொண்டு வந்தவர் மேல யாரும் அவ்வளவு கோபப்பட மாட்டாங்க."

பிரின்சிபாலும் சிரித்தார். வேதாசலம் தன் தாளைச் சௌந்தர்யா பக்கம் திருப்பி வைத்தார். அதில் ஒரே ஒரு வார்த்தையை எழுதி, பிறகு அடித்திருந்தார். அடித்த கோட்டுக்குள் 'வேண்டாம்' என்று படிக்க முடிந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மா. பசங்களும் இல்லன்னுதான் சொன்னாங்க. அப்படியே அடுத்ததுக்குப் போயிருக்கலாமே?"

"நாளைக்கு அவங்க பரீட்சைல அதையே எழுதுவாங்களே சார்" என்றாள் அவள்.

"எப்ப வந்து சேர்றீங்க?" என்று கேட்டார் பிரின்சிபால்.

மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலி இருந்தது. ஒன்றில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், ஏப்ரன் கறை நாற்காலியில் ஒட்டிவிடும் என்று. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் மற்ற நாற்காலியைத் தன் பக்கமாக இழுத்துப் போட்டு, என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அதற்கப்புறம்தான் பிரின்சிபாலைப் பார்த்து, "நாளைக்கே வர்றேன் சார்" என்றாள்.

என் கண் கலங்கிவிட்டது. மூன்று பெரிய மனிதர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணும் இல்ல சார். இந்தச் சாய நெடி கண்ணுல ஏறிடுச்சு" என்றேன்.

சௌந்தர்யா என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்: "இதுவும் பொய்தானே?"